காரின் பாடியில் தோன்றியுள்ள சிறு துருப்புள்ளிகளை நாமே சரிசெய்ய இயலுமா?

கேள்வி

வணக்கம். என்னுடைய வெள்ளை நிறக் காரின் பானெட் முன்விளிம்பில், கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த இடங்களில், மிளகைவிடச் சிறிய துருப்புள்ளிகள் தோன்றியுள்ளன. பின்கதவுகளிலும் ஊசிமுனை அளவில் செம்பழுப்புப் புள்ளிகள் பரவலாகத் தெரிகின்றன. ஆனால் அங்கே பெயிண்ட் எங்கும் பெயரவில்லை. இவை தவிர, இடது பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் ஓரத்தில் பெயிண்ட் சற்றே உப்பியிருக்கிறது. எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து டச்-அப் பெயிண்ட் பூசிவிடலாமா, அல்லது பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்

வணக்கம் ஐயா. பின்கதவுகளின் மீது உப்புத்தாளை வைக்கவே வைக்காதீர்கள். பெயிண்ட் பெயராத இடத்தில் தெரியும் அத்தகைய புள்ளிகள் பெரும்பாலும் காரின் தகட்டிலிருந்து வந்தவை அல்ல. பிரேக் தேய்மானத்தில் பறக்கும் நுண்ணிய இரும்புத் துகள்கள் கிளியர் கோட்டின் (நிறத்துக்கு மேல் பூசப்படும் நிறமற்ற பூச்சின்) மேல் ஒட்டிக்கொண்டு, அங்கேயே துருப்பிடிக்கின்றன. வெள்ளை வண்டியில் அது உடனே கண்ணில் படுகிறது. அயர்ன் ரிமூவரை (இரும்புத் துகள்களைக் கரைக்கும் திரவத்தை) தெளித்தால், துகள்கள் கரையும்போது அது ஊதா நிறமாக மாறி வழியும். காய்வதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவி, மிச்சத்தைக் கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) கொண்டு எடுத்துவிடலாம். தொழிற்சாலையில் பூசப்படும் அடுக்குகள் அனைத்தும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனம்தான் என்பதால், தேவையற்ற இடத்தில் தேய்ப்பது பெரும் இழப்பு.

இரண்டாம் பதில்

பானெட் புள்ளிகளை நீங்களே சரிசெய்யலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. வண்டியைக் கழுவி உலர்த்திய பின், புள்ளியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, 180 எண் உப்புத்தாளைச் சிறு துண்டாக மடித்து, தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிக்குள் கரும்புள்ளியாகத் தங்கியிருப்பதும் துருதான். அதை அப்படியே விட்டு மேலே பூசினால், துரு மீண்டும் பரவிப் புதிய பெயிண்டையும் தூக்கிவிடும். தாள் எட்டாத அத்தகைய குழிகளுக்கு மட்டும் ரஸ்ட் கன்வர்ட்டரை (துருவை நிலையான பூச்சாக மாற்றும் திரவத்தை) தொட்டு வையுங்கள். டானிக் அமிலம் கலந்தது என்றால் துரு கருநீலமாக மாறுவதைக் காணலாம். பிறகு இன்னும் நயமான 320, 600 எண் தாள்களால், பழைய பெயிண்டின் விளிம்பு விரலில் தட்டாத அளவுக்குச் சரிவாக்கிக்கொள்ளுங்கள்.

தேய்த்த தகட்டை மறுநாள்வரை வெறுமனே விட்டுவைக்காதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் சில மணி நேரத்திலேயே மெல்லிய துரு படிந்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அன்றே எபாக்சி பிரைமர் (தகட்டில் ஈரம் படாமல் காக்கும் அடிப்பூச்சு) பூசிவிட வேண்டும். அதன்மேல் நிறப் பெயிண்டை ஒரே தடவையில் கனமாக அப்பாமல், ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் மெல்லிதாக அடுத்ததைப் பூசி, இறுதியில் கிளியர் கோட் இடுங்கள். பெயிண்டின் எண் பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே உள்ள தூணிலோ பானெட்டின் அடியிலோ ஒட்டப்பட்டிருக்கும். வெள்ளையிலேயே பல வகைகள் உண்டு என்பதால், அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மூன்றாம் பதில்

எனக்குக் கவலையளிப்பது சக்கர வளைவில் உள்ள உப்பல்தான். துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் பெயிண்ட் மேலெழும்புகிறது. அந்த இடத்தில் அது பெரும்பாலும் உட்புறத்திலிருந்து வந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி, வளைவின் உள்ளே உள்ள பிளாஸ்டிக் லைனரை (உறையை) விலக்கி, ஓரத்தில் தகடு மடிந்திருக்கும் மடிப்பின் உட்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்படியே கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள நீர் வடியும் துளைகள் அடைபட்டுள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அயர்ன் ரிமூவரில் கதவுப் புள்ளிகள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. துளைகளில் அடைப்பில்லை. ஆனால் சக்கர வளைவின் மடிப்பில் ஈரச்சேறு கெட்டியாக அடைந்திருந்தது. அதைச் சுரண்டியதும் தகடு அடுக்கடுக்காக உதிர்ந்து, திருப்புளியின் முனை ஓரிடத்தில் உள்ளே இறங்கிவிட்டது.

மூன்றாம் பதில் எழுதியவர்

அப்படியானால் அது பட்டறை வேலைதான். அரித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து மூடிவிடலாம் என்று சொன்னால் இசையாதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதன் பின்னால் துரு வளர்ந்துகொண்டேயிருக்கும். வேலை முடிந்ததும் மடிப்பின் உட்புறத்தில் காவிட்டி வேக்ஸ் (உட்குழிவுகளைத் துருவிலிருந்து காக்கும் மெழுகு) தெளிக்கச் சொல்லி, நேரில் நின்று பாருங்கள். வெல்டிங் சூட்டில் உள்பூச்சு கருகிப்போவதால், வெளியே எவ்வளவு நேர்த்தியாகப் பெயிண்ட் அடித்தாலும் அந்தப் பக்கம் வெறும் இரும்பாகவே இருக்கும்.