புதுப்பிப்பு: வளைந்த அம்புத் தண்டுகளும் தளர்ந்த கயிறும்

போன மாதம் புலம்பியிருந்தேன்: ஓடைக்கரையில் வெட்டிவந்த நாணல் தண்டுகள் காய்ந்ததும் வில்லாக வளைந்துவிட்டன, கற்றாழை நாரில் திரித்த கயிறும் தொளதொளத்துப் போனது.

கயிற்றின் கோளாறு எளிது. பச்சை நாரை அப்படியே திரித்திருக்கிறேன். ஈரம் வற்றியதும் நார் சுருங்கி முறுக்கு இளகிவிடுகிறது. இந்தமுறை நன்றாகக் காயவைத்து, திரிக்கும் முன் லேசாக நனைத்துக்கொண்டேன். இரண்டு புரியையும் (கயிறாகத் திரிக்கும் நார்க்கற்றைகள்) ஒரே பக்கம் முறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் கையை எடுத்தாலும் பிரிவதில்லை. புது நார் சேர்க்கும் இடம் மட்டும் இரண்டு புரியிலும் நேருக்கு நேர் வரக்கூடாது. வந்தால் அங்கேதான் அறும், அறுந்தது.

தண்டு வேறு கதை. வெயிலில் போட்டதுதான் தப்பு. புதிதாக வெட்டியவற்றைக் கட்டாக இறுக்கிக் கட்டி 3 வாரம் நிழலில் விட்டேன். மிச்ச வளைவைத் தணலுக்கு மேல் காட்டி, சூடு இருக்கும்போதே நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். கணுவில் அவசரப்பட்டால் ஒடியும். 12-ல் 7 தேறின. (ஒன்றை நானே மிதித்துவிட்டேன், சரி, 6.)

அம்பின் வால்பக்கம் இறகை இன்னும் ஒட்டவில்லை. பொறுக்கியதில் இடச்சிறகும் வலச்சிறகும் கலந்து கிடக்கின்றன. ஒரு அம்புக்கு ஒரே பக்கத்து இறகுதான் வேண்டும் என்பதால் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன்.