மாமாவின் 1998 இணையதளம்: முதலெழுத்து காணாமல் போகிறது, அதன் வரலாற்றையும் எழுத வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் தாய்மாமா 1998 நவம்பரில் சொந்தமாக ஒரு இணையதளம் ஆரம்பித்தார். இடம் இரண்டு மூன்று முறை மாறினாலும் அது இன்றுவரை இருக்கிறது. அவர் துறைமுகத்தில் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது வயது 71. அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1996இல் மில் ஒரேயடியாக மூடியபோது பட்டாளம், புளியந்தோப்பு பக்கம் எத்தனை வீடுகளில் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதவில்லையே என்றுதான் மாமா எழுத ஆரம்பித்திருக்கிறார். ஒரு மில்லில் தொடங்கியது, அப்புறம் இராயபுரம் ரயில் நிலையம், காசிமேட்டுக் கரை, பக்கிங்ஹாம் கால்வாய், மூலக்கொத்தளம், கேரம் கிளப்புகள் என்று வளர்ந்து மொத்தம் 183 பக்கங்கள் ஆகிவிட்டன. எல்லாம் அவர் கையால் ஹெச்.டி.எம்.எல் எழுதியது. கடைசியாகத் திருத்தியது 2019இல்.

எனக்கு இரண்டு கேள்விகள்.

முதலாவது, இப்போது அந்தத் தளத்தைத் திறந்தால் கட்டங்களும் மேலே புள்ளி, கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும்தான் தெரிகின்றன. அது திஸ்கி என்று மாமா சொன்னார். அதை நகலெடுத்து இணையத்தில் கிடைக்கும் ஒரு மாற்றியில் போட்டேன், தமிழ் வந்துவிட்டது, ஆனால் பல சொற்களில் முதலெழுத்தே இல்லை. ‘ந்த’, ‘ருந்தது’, ‘ரண்டு’ என்று வருகிறது. 183 பக்கத்தையும் நானே உட்கார்ந்து திருத்த வேண்டுமா?

இரண்டாவது, இந்தத் தளத்தின் வரலாற்றை, அதை நடத்தியவரின் வரலாற்றோடு சேர்த்து எழுத ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்குவது? மாமாவைக் கேட்டால் “அது கெடக்குதும்மா, நான் போனப்புறம் யார் பார்க்கப் போறாங்க” என்கிறார். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், நான்கு மாதத்தில் காலாவதி ஆகிறது, அதைப் பதிவு செய்தபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரி இப்போது இல்லவே இல்லை. அதுவும் ஒரு கவலை.

கொடுங்கையூர்

சகோதரி, திருத்த உட்காராதீர்கள். அந்தக் காணாமல் போன எழுத்து எல்லா இடத்திலும் ‘இ’ தான், பாருங்கள்.

திஸ்கி என்பது 8 பிட் குறியேற்றம், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் ஒரு எண் கொடுக்கும் முறை. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு, மீதி 128 இடங்களில் தமிழ். பழைய திஸ்கியில் ‘இ’க்குக் கொடுத்த இடம் 173. அதே 173 மேற்கத்திய எழுத்துத் தொகுப்பில் வரி உடையும் இடத்தில் மட்டும் தோன்றும் ஒரு இணைப்புக்கோடு, மற்ற நேரம் கண்ணுக்குத் தெரியாது. உலாவி அதைக் காட்டாமல் விழுங்கிவிடும், நகலெடுக்கும்போதும் சில நேரம் விட்டுவிடும். இந்தத் தொல்லைக்காகத்தான் திஸ்கி 1.7இல் ‘இ’யை 254க்கு மாற்றினார்கள். மாமா எழுதியது அதற்கு முந்தைய வடிவமாக இருக்கும். எழுத்து கோப்புக்குள் அப்படியே இருக்கிறது, திரையில்தான் போய்விட்டது.

அதனால் திரையிலிருந்து நகலெடுக்காதீர்கள், கோப்பை நேரடியாக மாற்றுங்கள். லினக்ஸ் வைத்திருந்தால் ஐகான்வ் என்ற கட்டளைக்கே திஸ்கி தெரியும், ஒரே வரியில், இன்று எல்லாரும் பயன்படுத்தும் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றித் தரும், 173, 254 இரண்டையும் ‘இ’ என்றே எடுத்துக்கொள்ளும். பைத்தான் பழக்கம் இருந்தால் ஓப்பன் தமிழ் நூலகத்திலும் இதற்கான பகுதி இருக்கிறது. இன்னொன்று, திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணால் பார்க்கும் வரிசையில், கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக இருக்கும். யூனிகோடில் க முதலில், அதன் பிறகு ஒகரக் குறி. வெறுமனே எழுத்துக்கு எழுத்து தேடி மாற்றினால் கொம்பு எல்லாம் தப்பான எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், எனவே நீங்களாக வேர்டில் மாற்ற முயலாதீர்கள்.

மாற்றியதும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுத்துக் குறியேற்றம் என்ன என்று சொல்லும் வரியை யூ.டி.எஃப்-8 என்று திருத்துங்கள், ஃபான்ட் பெயர் சொல்லும் வரிகளை எடுத்துவிடுங்கள். மூலக் கோப்புகளை மட்டும் தொடாமல் தனியாக வையுங்கள். கையோடு தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு மாற்றி, புதிய வடிவமைப்பும் கொடுத்துவிட்டால் கைபேசியிலும் படிக்கலாம்.

பேரக்ஸ் ரோடு

கேள்வியைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது, ஏனென்றால் இந்தத் தளம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். மேலே நீலப் பட்டை, ‘மில் சங்கு’ என்று ஒரு பக்கம், கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஓடும், சரிதானே?

2000இல் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெரம்பூரில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 40 ரூபாய், மரத்தடுப்புக்குள் உட்கார வேண்டும். அங்கேதான் பார்த்தேன். காலைச் சங்கு, ஷிப்ட் மாறும் சங்கு, எந்தச் சங்குக்கு எந்தத் தெருவில் யார் கிளம்புவார்கள், சங்கு ஊதியதும் டீக்கடையில் கணக்கு எழுதும் நோட்டை எப்படி மூடுவார்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் என்று ஒரு பட்டியல். அதில் எங்கள் தாத்தா பெயர் இருந்தது, அவர் ஓட்டிய தறி எண்ணோடு. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த எண் தெரியாது.

நான் விருந்தினர் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினேன். மூன்றாம் நாள் பதில் போட்டிருந்தார், தாத்தாவுக்கு வேறு என்ன பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு. சொன்னேன். அடுத்த வாரம் பட்டியலில் அந்தப் பட்டப்பெயரும் ஏறிவிட்டது. தாத்தா அப்போது படுக்கையில் இருந்தார், அந்தப் பக்கத்தை 5 ரூபாய் கொடுத்து அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவர் பட்டியலில் இருந்த இன்னொரு பெயரைச் சொல்லி, “அவன் தறி எனக்கு எதிர்த்தாப்புல” என்றார்.

“யார் பார்க்கப் போறாங்க” என்று மாமா கேட்டால் இதைச் சொல்லுங்கள். அந்த விருந்தினர் புத்தகம் இப்போது தளத்தில் இல்லை, அது எங்கே போனது என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

எண்ணூர்

முதலில் டொமைன், மற்றதெல்லாம் அப்புறம். பதிவு செய்த நிறுவனத்தின் கணக்கு மாமா பெயரில்தானே இருக்கும், பழைய ரசீதையும் அவருடைய அடையாள அட்டையையும் வைத்து மின்னஞ்சல் முகவரியை மாற்றச் சொல்லி இந்த வாரமே எழுதுங்கள். காலாவதி ஆனாலும் டாட் காம் பெயர் அன்றைக்கே பறிபோகாது, சில நாட்கள் சாதாரணமாகவே புதுப்பிக்கலாம், அதையும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அப்போது கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதற்குப் பிறகு 5 நாள், பிறகு பெயர் சந்தைக்கு வந்துவிடும், பழைய பெயர்களைப் பொறுக்கி எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சல் சரியானதும் ஒரேயடியாக 10 வருடத்துக்குக் கட்டிவிடுங்கள். அதுதான் உச்சவரம்பு.

அடுத்து, பழைய இணையப் பக்கங்களைக் காட்டும் வேபேக் மெஷினில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்கைவ் 1996 முதல் பக்கங்களைச் சேர்க்கிறது, 2001இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 183 பக்கத்தில் எவை அங்கே இல்லையோ அவற்றை நீங்களே சேமிக்கச் சொல்லலாம்.

1998 என்றால் அனேகமாக, இலவசமாகத் தளம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸில்தான் ஆரம்பித்திருப்பார். அப்போது அங்கே தளங்களைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து வைத்திருந்தார்கள், எழுத்து, கல்வி என்றால் ஏதென்ஸ், கணினி என்றால் சிலிக்கான்வேலி, ஒவ்வொரு தளத்துக்கும் வீட்டு எண் மாதிரி ஒரு எண். 1999இல் யாஹூ வாங்கியது, 2009 அக்டோபர் 26இல் மூடியது. மூடுவதற்குள் தொண்டர்கள் ஓடி ஓடி நகலெடுத்தார்கள், அதனால் நிறையப் பக்கங்கள் பிழைத்தன. அந்தப் பழைய எண் மாமாவுக்கு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள், அது கிடைத்தால் முதல் வடிவமே கிடைக்கலாம்.

கொடுங்கையூர் நண்பர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. வேர்ட்பிரஸ் வேண்டாம். கையால் எழுதிய ஹெச்.டி.எம்.எல் 25 வருடம் கழித்தும் திறக்கிறது, அதற்குப் பராமரிப்பே கிடையாது. முகவரிகளையும் மாற்றாதீர்கள், பழைய இணைப்பு வைத்திருப்பவர்கள் வந்து வெறும் சுவரைப் பார்க்கக் கூடாது.

தண்டையார்பேட்டை பெரியவர்

அம்மா, நான் மாமாவைவிட இரண்டு வயது மூத்தவன், எனவே உரிமையோடு சொல்கிறேன். கோப்பு இருக்கிறது, அது எங்கும் போகாது, இந்தப் பிள்ளைகள் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். நீ ஒரு நோட்டோடு மாமா பக்கத்தில் உட்கார். கூட்டிச் சொல்ல வேண்டாம், அவர்தான் முதல் என்றெல்லாம் எழுதாதே. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995லேயே தமிழை இணையத்தில் ஏற்றிவிட்டார். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையிலேயே தமிழ்நெட் மாநாடு நடந்து, தமிழ் 99 விசைப்பலகையும் டாப், டாம் குறியேற்றங்களும் முடிவாயின. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் என்று இருந்த காலம். இவர் அதில் ஏன் திஸ்கியைப் பிடித்தார்? அதற்கு முன்னால் என்ன செய்தார்? யார் சொல்லிக் கொடுத்தது? எந்தக் கணினி, டெலிபோன் பில் கட்டியது யார், அத்தை என்ன சொன்னார்? இதையெல்லாம் கேள்.

அவர் எதையெல்லாம் எழுதாமல் விட்டார் என்றும் கேள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் ஆட்களை வைத்துத்தான் உருவானது, வாடியாவும் திரு.வி.க.வும் இருந்தார்கள். 1921 வேலைநிறுத்தத்தில் நம் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் ஒன்றோடொன்று பேச்சை நிறுத்தின. அது அவர் தளத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் காரணம் இருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க மாமா வீட்டில் இருந்தேன்.

டொமைன் ரசீது பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது, மின்னஞ்சல் மாற்றக் கடிதம் அனுப்பியாகிவிட்டது. வேர்ட்பிரஸ் இல்லை, அப்படியே வைக்கிறோம்.

எண்ணூர் அண்ணா சொன்னது சரி, ஏதென்ஸ்தான். எண்ணை மாமா நினைவிலிருந்து சொல்லவில்லை, எழுதியே வைத்திருக்கிறார். 80 பக்க நோட்டு, நீல மை, தளத்தில் எப்போது எதை மாற்றினாலும் தேதி போட்டு ஒரு வரி. ‘14ஆம் பக்கம், சங்கு நேரம் தவறு, நேரில் வந்து சொன்னார்கள், திருத்தினேன்’ என்பது போல 20 வருடம். முதல் பக்கங்களில் தமிழ் எழுத்தே இல்லையாம், ஒவ்வொரு பத்தியையும் தட்டச்சு செய்து படமாக்கி ஏற்றியிருக்கிறார். போன் வேகத்துக்கு அது திறக்கவே இல்லை என்று படித்தவர்கள் சொன்னதால் 2000இல் ஒவ்வொன்றாகத் திஸ்கிக்கு மாற்றினார். வேலை முடிந்து வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல், போன் கட்டணம் குறையும் நேரத்தில். பில்லைக் கட்டியது அத்தை, டியூஷன் எடுத்த காசில். இதை மாமா சொல்லும்போது அத்தை சமையலறையிலிருந்து வந்து நின்றுகொண்டார்.

விருந்தினர் புத்தகம்: 2006இல் தளத்தை வைத்திருந்த ஒரு சின்ன நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டது. பக்கங்கள் வீட்டில் ஃப்ளாப்பியில் இருந்ததால் திரும்ப ஏற்றினார், விருந்தினர் புத்தகம் மட்டும் அவர்கள் கணினியில் இருந்தது, போய்விட்டது. பேரக்ஸ் ரோடு அண்ணா, உங்கள் தாத்தா பட்டப்பெயரை நோட்டில் பார்த்தேன். தேதியும் இருக்கிறது. நீங்கள் எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன், எதிர்த்தறி யாருடையது என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.

பெரியவர் ஐயா, 1921 பற்றிய பக்கம் இல்லை. எழுதி வைத்திருக்கிறார், ஏற்றவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டேன், “அவங்க இல்ல, அவங்க பசங்க பக்கத்து பக்கத்து வீடு” என்றார். அதை இப்போதைக்கு நானும் எடுக்கவில்லை.

அப்புறம் ஐகான்வில் போட்டதும் எல்லா ‘இ’யும் திரும்பி வந்துவிட்டது. மாமா எப்போதும் ‘இராயபுரம்’, ‘இரயில்’ என்றுதான் எழுதியிருக்கிறார். அந்த ‘இ’ விழுந்தபோது அது ‘ராயபுரம்’, ‘ரயில்’ என்று சரியாகவே படித்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1856இல் திறந்த நிலையத்தைப் பற்றிய பக்கத்தில் மட்டும் 31 இடம். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தலைப்பை இரண்டு முறை வாசித்தார்.

இன்னும் ஒரு உதவி. பிஸ்கட் டின்னில் 26 ஃப்ளாப்பி இருக்கிறது, படத்தமிழ்ப் பக்கங்கள் அவற்றில் இருக்கலாம். யூ.எஸ்.பி ஃப்ளாப்பி டிரைவ் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வடசென்னையில் எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன்.

கொடுங்கையூர்

என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை நானே எடுத்து வருகிறேன். அதுவரை ஃப்ளாப்பிகளைத் திறக்காதீர்கள், பூஞ்சை பிடித்திருந்தால் முதலில் துடைக்க வேண்டும், ஒரு முறை போட்டாலே டிரைவ் தலையும் கெட்டுவிடும், ஃப்ளாப்பியும் கீறிவிடும்.