கிளாசிக் ராக் எந்த வருஷம் வரைக்கும்? டெட்ராய்ட்ல ஒரு பெரியவரோட போட்ட சண்டை

கிளாசிக் ராக்னா எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், எந்தெந்த பேண்டுன்னு எல்லாரும் இங்க லிஸ்ட் போட்டுட்டு இருக்கீங்க, எனக்கு இதுல ஒரு அனுபவம் இருக்கு, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் டெட்ராய்ட் பக்கத்துல கார் பார்ட்ஸ் கம்பெனில வேலை பாக்குறேன். எங்க ஷாப்ல டை மேக்கரா (பார்ட்ஸுக்கு அச்சு செய்யறவரா) இருந்த ஒரு பெரியவர் ரெண்டு வின்டர் முழுக்க அவரு டிரக்லதான் என்னை ஏத்திட்டுப் போவாரு, ரேடியோல எப்பவும் கிளாசிக் ராக் ஸ்டேஷன்தான். ஒரு நாள் காலைல லெட் ஜெப்பெலின் பாட்டு முடிஞ்ச கையோட நிர்வாணா பேண்டு பாட்டு போட்டாங்க. மனுஷன் சட்டுனு வால்யூமைக் குறைச்சிட்டு "நல்ல பேண்டுதான்டா, ஆனா இது அது இல்ல"ங்கற மாதிரி சொன்னாரு. நான் விடல. நிர்வாணாவோட நெவர்மைண்ட் ஆல்பம் வந்தது 1991, முப்பது வருஷம் தாண்டியாச்சு, இன்னும் கிளாசிக் ஆகலைன்னா எப்பதான் ஆகும்னு கேட்டேன். பார்க்கிங் வர்ற வரைக்கும் சண்டைதான்.

அன்னைக்கு அவரு சொல்லித்தான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது, கிளாசிக் ராக்ங்கற பேரு பாட்டுக்காரங்க வெச்சது இல்லயாம், ரேடியோக்காரங்க வெச்சது. 1980கள்ல, சின்ன வயசுல இந்தப் பாட்டெல்லாம் கேட்டு வளர்ந்தவங்க சம்பாதிக்க ஆரம்பிச்சதும், அவங்களுக்கு அதையே திரும்பப் போட்டா விளம்பரம் கிடைக்கும்னு ஆரம்பிச்ச ஃபார்மட். அப்ப கேக்கறவங்க வயசு மாற மாற லிஸ்டும் நகரத்தானே செய்யும். அதனால ரேடியோ போடுறத வெச்சு முடிவு பண்ணாதீங்க, அதுதான் நான் சொல்ல வர்றது.

அந்த சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டாரு. பேஸ்மென்ட்ல டர்ன்டேபிள். பீட்டில்ஸோட அபி ரோடு ரெக்கார்டை, 1969ல வந்தது, உள்ளங்கை படாம ஓரத்தை மட்டும் புடிச்சு எடுத்து, வெல்வெட் பிரஷ்ல ஒரு சுத்து துடைச்சு, முள்ளை வெச்சாரு. முதல் பக்கத்தோட கடைசிப் பாட்டு பெருசாகிக்கிட்டே போகும், கூடவே காத்தடிக்கற மாதிரி ஒரு இரைச்சல், திடீர்னு கத்தியால வெட்டின மாதிரி நின்னுடும். அப்புறம் ரூம்ல முள்ளு கரகரங்கற சத்தம் மட்டும்தான். அவரு மெதுவா எழுந்து போயி ரெக்கார்டைத் திருப்பிப் போட்டாரு, ஜார்ஜ் ஹாரிசனோட அந்த வெயில் பாட்டு, ஹியர் கம்ஸ் த சன், ஆரம்பிச்சுது. நான் போன்ல நூறு தடவ கேட்டிருக்கேன், அதுல வெட்டினதும் அடுத்த செகண்டே இந்தப் பாட்டு வந்துடும். நடுவுல அந்த அமைதி இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது, உடம்பு சிலிர்த்துடுச்சு.

அதுக்கப்புறம் என் கணக்கு மாறிடுச்சு. பக்கத்துக்கு இருபது நிமிஷம் சொச்சம்னு அளந்து, திருப்பிப் போடுவாங்கன்னு தெரிஞ்சு செஞ்ச ஆல்பம், அதை வெட்டாம போட்ட எஃப்எம் ரேடியோ, இது ரெண்டும் சேர்ந்த காலம்தான் கிளாசிக் ராக். அமெரிக்கால ஏஎம்ல ஓடுறதையே எஃப்எம்லயும் அப்படியே போடக்கூடாதுன்னு அரசாங்கம் ரூல் போட்டுச்சு, காலியா கிடந்த நேரத்துக்கு ஆல்பம் பாட்டெல்லாம் உள்ள வந்துச்சு. சான் பிரான்சிஸ்கோல டாம் டொனாஹியூங்கற ரேடியோக்காரர் இந்த மாதிரி எஃப்எம் ஆரம்பிச்சது 1967, பீட்டில்ஸோட சார்ஜென்ட் பெப்பர் ஆல்பமும் அதே வருஷம். ஜெப்பெலின் ஸ்டேர்வே டு ஹெவன்ங்கற எட்டு நிமிஷப் பாட்டை அமெரிக்கால சிங்கிளா விடவே இல்ல, ஆனாலும் ஊரே கேட்டுச்சுன்னா எஃப்எம்தான் காரணம். முடிவு 1981 ஆகஸ்ட் 1, பாட்டு வீடியோ போடுற எம்டிவி சேனல் வந்த நாள். அதுக்குள்ள த ஹூ டிரம்மர் கீத் மூன், ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட், ஜெப்பெலின் டிரம்மர் ஜான் பான்ஹாம்னு மூணு பேரும் போயி சேந்துட்டாங்க.

பேண்டுன்னு கேட்டா ஜெப்பெலின், பிங்க் ஃப்ளாய்ட், பிளாக் சப்பாத், டீப் பர்ப்பிள், த ஹூ. இங்க பெரியவரு முன்னாடி எங்க மிச்சிகன் பாடகர் பாப் சீகரையும் பக்கத்து ஃபிளின்ட் ஊரு பேண்டு கிராண்ட் ஃபங்க்கையும் விட்டா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாரு.

—

அண்ணா, நான் லண்டன்ல இருக்கேன், உங்க எஃப்எம் கதை இங்க செல்லாது. எங்க டீம் லீட் அம்மா ஒருத்தங்க ஸ்லேடு, ஸ்டேட்டஸ் க்வோன்னு ரெண்டு இங்கிலாந்து பேண்டும் இல்லாத கிளாசிக் ராக் லிஸ்ட்டை ஒத்துக்கவே மாட்டாங்க. ஸ்லேடுக்கு இங்க ஆறு பாட்டு நம்பர் ஒன், 1985 லைவ் எய்டு நிதி திரட்டுற கச்சேரில, வெம்ப்ளி மேடைல முதல்ல ஏறினதே க்வோதான், ஆனா அமெரிக்கால இருந்து வந்த எங்க ஆளுங்க யாருமே கேள்விப்பட்டதில்ல. இங்க பாட்டு வந்தது கப்பல்ல இருந்து, ரேடியோ கரோலின் மாதிரி கடல்ல நிறுத்தி ஒலிபரப்பினாங்க. அந்தம்மாவோட அண்ணன் போர்வைக்குள்ள டிரான்சிஸ்டரை வெச்சு கேப்பாராம், பேட்டரி தீந்தா அப்பா சட்டைப் பையில இருந்து காசு எடுப்பாராம். 1967 ஆகஸ்ட்ல சட்டம் போட்டு அடக்கினாங்க, செப்டம்பர் 30க்கு பிபிசி ரேடியோ ஒன் ஆரம்பிச்சுது. கப்பல் ரேடியோல பாட்டு போட்டுட்டு இருந்த ஜான் பீல் அங்கதான் வந்து சேர்ந்தாரு.

—

தம்பி, கப்பல் கதையைக் கேட்டா அங்கயும் 1967லதான் வந்து நிக்குது பாருங்க! காரணம் வேற, வருஷம் ஒண்ணு. ஸ்லேடை நான் இதுவரைக்கும் ஒழுங்கா கேட்டதில்ல, எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கணும்னு அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. எல்பி கிடைச்சா வாங்கிட்டு சனிக்கிழமை பெரியவர் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.