ரிசைனா, ரீ-சைனா? ஒரு சின்னக் கோட்டால் வந்த குழப்பம்

ஓசூர்_எலக்ட்ரீசியன்:
வணக்கம். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துப் போடச் சம்மதம் என்று ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினேன். மறுபடி கையெழுத்திடுவது என்ற 'ரீ-சைன்' சொல்லை, நடுவில் கோடு (ஹைஃபன்) போடாமல் ஆர், இ, எஸ், ஐ, ஜி, என் எனச் சேர்த்தே எழுதிவிட்டேன். மறுநாள் காலை ஷிஃப்டில் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "ஏம்ப்பா, வேலையை விடுறியா? வேற எங்கயாவது கிடைச்சிருக்கா?" என்றார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் வயிறு கலங்கிவிட்டது. 'ரீ' என்றால் மறுபடி என்றுதானே அர்த்தம்? ரீசார்ஜ், ரீஃபில் எல்லாம் கோடு இல்லாமல்தானே எழுதுகிறோம்?

ஓய்வுபெற்ற_டீச்சர்:
தம்பி, ரீசார்ஜைச் சேர்த்து எழுதினாலும் அதோடு குழம்ப வேறொரு சொல் இல்லை. இங்கே இருக்கிறது. வேலையை விடுவது 'ரிஸைன்', நடுவில் இஸட் ஒலி. மறுபடி கையெழுத்திடுவது 'ரீ-சைன்', 'ரீ'யை நீட்டி அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சில் காது பிரித்துவிடும். எழுத்தில் அந்தக் கோடுதான் பிரிக்கிறது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் 'சிக்னாரே' என்றால் முத்திரையிடுவது. 'ரெசிக்னாரே' என்றால் முத்திரையை உடைப்பது, ரத்து செய்வது. அந்த வழியில் வந்ததுதான் வேலையை விடும் 'ரிஸைன்'. அதில் உள்ள 'ரீ'க்கு மறுபடி என்று பொருளே இல்லை.

2007இல் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் 6ஆம் பதிப்பு சுமார் 16,000 சொற்களில் கோட்டை எடுத்தது. ஐஸ்-க்ரீம் கூட இரண்டு சொல்லாகிவிட்டது. ஆனால் பொருளே மாறிவிடும் இடத்தில் கோட்டை விடக்கூடாது. சோபாவுக்குப் புதுத் துணி போடுவது 'ரீ-கவர்', காய்ச்சலிலிருந்து தேறுவது 'ரிகவர்'.

டிடிபி_மதுரை:
அச்சு வேலையில் இதே தொல்லை தலைகீழாக வரும். வேலையை விடும் 'ரிசைன்' வரிக் கடைசியில் வந்து மாட்டினால், மென்பொருள் முதல் இரண்டு ஆங்கில எழுத்துக்குப் பின் கோடு போட்டு உடைத்துவிடும். அமெரிக்க அகராதிகளும் அசையை அங்கேதான் பிரிக்கின்றன. படிப்பவருக்கோ அது 'ரீ-சைன்' ஆகிவிடும்! பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் அந்தச் சொல்லுக்கு நோ பிரேக் (உடைக்காதே என்ற கட்டளை) கொடுத்து முழுசாக அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவேன். 'பிரசன்ட்' இன்னும் மோசம்: பெயர்ச்சொல்லாக இருந்தால் எஸ்ஸுக்குப் பின் உடைய வேண்டும், வினையாக இருந்தால் எஸ்ஸுக்கு முன். கணினிக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? அதனால்தான் அச்சுக்கோக்கும் டெக் (TeX) மென்பொருளின் விதிவிலக்குப் பட்டியலில் அதை உடைக்கவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

மெயிலில் பேசாமல் 'ரின்யூ' என்று எழுதுங்கள். யாருக்கும் சந்தேகம் வராது.

ஓசூர்_எலக்ட்ரீசியன்:
டீச்சர், மதுரை அண்ணா, ரொம்ப நன்றி. 'ரின்யூ' போட்டுத் திரும்ப அனுப்பிவிட்டேன், ஒப்பந்தம் வந்துவிட்டது. உங்கள் பதிலைப் படித்ததும் பராமரிப்பு நோட்டைப் புரட்டினேன். கேபிளை மறுபடி பதிக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஆர், இ, எல், ஏ, ஒய் என்றே எழுதி வைத்திருக்கிறோம். அது பேனலில் இருக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச்! இன்று நைட் ஷிஃப்டுக்கு நோட்டை ஒப்படைக்கும்போது 'ரீ-லே' என்று கோடு போட்டு எழுதினேன்.