நுண்முகிலா, சிற்றமைவா? விண்மீனிடை ஹைட்ரஜனுக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர்,

விண்மீன்களுக்கு இடையே பரவிய ஹைட்ரஜனில் சில பத்து வானியல் அலகுத் (ஓர் அலகு என்பது புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு) தொலைவுக்குள்ளேயே தென்படும் வேறுபாடுகளை (ஆங்கிலத்தில் tiny-scale atomic structure) குறிக்க முன்மொழியப்பட்ட ‘நுண்முகில்’ ஓசையில் இனிய சொல்தான். ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. முகில் என்றதும் எல்லை வகுத்த ஒரு பொருள் மனத்தில் எழுகிறது. அத்தகைய பொருள் அங்கே உண்டா என்பதே இத்துறையில் இன்னும் தீராத வழக்கு.

அளக்கும் முறையை நோக்கினால் இது விளங்கும். துடிவிண்மீன் (pulsar) என்பது சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளாக நம்மை வந்தடையும் கதிரை உமிழும் விண்மீன். துடிவிண்மீனின் துடிப்பு வந்துசேரும் கணங்களில் பதிந்த, ஹைட்ரஜனுக்குரிய 21 செ.மீ. அலைநீள வானொலி நிறமாலையிலிருந்து, துடிப்பற்ற கணங்களில் பதிந்ததைக் கழித்தால், அத்திசையிலுள்ள ஹைட்ரஜனின் உமிழ்வு நீங்கி, துடிவிண்மீனின் கதிர் வழியில் நேர்ந்த உட்கவர்வு மட்டுமே எஞ்சும். நொடிக்கு 100 கி.மீ. வேகத்தில் குறுக்காக நகரும் துடிவிண்மீன் ஓராண்டில் ஏறத்தாழ 21 வானியல் அலகு கடக்கிறது. (இடைவழியில் உள்ள வளிமத்தில் பார்வைக்கோடு நகரும் தொலைவு இதைவிடக் குறைவு.) ஆகவே, ஆண்டுகள் கழித்து மீண்டும் அளக்கும்போது நமக்குக் கிடைப்பது இரு பார்வைக்கோடுகளுக்கு இடைப்பட்ட வேறுபாடே அன்றி, ஒரு முகிலின் உருவம் அன்று.

வானியலாளர் டேல் ஃபிரெய்லும் உடனாய்வாளரும் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ வானொலித் தொலைநோக்கியால் கண்டு 1994-இல் அறிவித்த வேறுபாடுகளைத் தனித்த உருண்டைகளாகக் கொண்டால், அவற்றின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10,000 அணுக்கள் அளவுக்கு உயர்கிறது. குளிர்ந்த ஹைட்ரஜனிலோ பொதுவாகச் சில பத்து அணுக்களே உண்டு. அவ்வளவு அழுத்தம் கொண்ட உருண்டை விரைவில் விரிந்து கலைந்துவிடும். இச்சிக்கலைத் தவிர்க்கவே வானியலாளர் கார்ல் ஹைல்ஸ் 1997-இல், நீளவாட்டில் நம்மை நோக்கிக் கிடக்கும் தகடுகளும் இழைகளும் இவையாகலாம் என்றார். பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தின் அவினாஷ் தேஷ்பாண்டே 2000-இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, பெரிய அளவுகளிலிருந்து தொடர்ந்து வரும் ஏற்ற இறக்கங்களே இவ்வேறுபாட்டை விளக்கப் போதும் என்று காட்டினார். 2005-இல் வெளியான, அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியின் அளவீடுகளோ ஒரு துடிவிண்மீனின் திசையில் எம்மாற்றத்தையும் காணவில்லை. பெயரே இவ்வழக்கில் தீர்ப்பு எழுதிவிடலாகாது என்பது என் கருத்து.

‘நுண்ணளவு அணுக்கட்டமைப்பு’ என்னும் மாற்றுச்சொல்லில் வேறொரு சிக்கல் உண்டு: படிப்பவர் அணுவின் உட்கட்டமைப்பு என்றே கொள்வர். மேலும், புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட தொலைவைப் போல் பன்மடங்கு பெரிதான ஒன்றை ‘நுண்’ என்பது உறுத்துகிறது. பார்செக் (ஏறத்தாழ இரண்டு லட்சம் வானியல் அலகு) கணக்கில் பார்த்தால்தான் அது சிறியது, எனவே ‘சிறு’ என்னும் அடையே போதும்.

ஆதலால் ‘அணுவளிமச் சிற்றமைவு’ என்பதை முன்வைக்கிறேன். ‘அமைவு’ பொருளையும் குறிக்கும். பரவிக் கிடக்கும் நிலையையும் குறிக்கும். மின்னூட்டம் பெற்ற வளிமத்திலும் இத்தகைய சிறு வேறுபாடுகள் பேசப்படுவதால், அதை ‘அயனிவளிமச் சிற்றமைவு’ என்று இதே அச்சில் வழங்க இயலும்.