ஒரே வரிசையில் ஓட்டு, டீக்கு வேறு வேறு கிளாஸ்: உங்களுக்கும் நடந்ததா?

வைகைக்கரை:
2019 ஏப்ரல் 18, ஓட்டுப் போட ஊருக்குப் போயிருந்தேன். பள்ளியில் என் பெஞ்சிலேயே உட்கார்ந்த நண்பனும் வந்திருந்தான். அவன் வீடு காலனியில், என் வீடு ஊருக்குள். ஒரே வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அப்புறம் பஸ் ஸ்டாப் டீக்கடை. மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கண்ணாடி கிளாஸ், அவனுக்குப் பேப்பர் கப். கப்பைப் பிடித்திருந்த அவன் விரலில் மை கறுத்திருந்தது. என் விரலிலும் அதே மை. "இதுதான்டா சுத்தம்" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தான். நான் என் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

கரிசல்மண்:
எனக்குக் கொடிக்கம்பம். சுதந்திர தினம், பஞ்சாயத்து அலுவலகம். தலைவர், பட்டியலினத்தாருக்கான தனித்தொகுதியில் ஜெயித்த அம்மா. கல்வெட்டில் அவர் பெயர்தான். ஆனால் கயிற்றை இழுத்தது துணைத்தலைவர். அந்த அம்மா மிட்டாய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். கொடி விரிந்து பூ விழுந்தபோது அவர் சேலையிலும் இரண்டு இதழ் விழுந்தது. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.
பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற நான்கு ஊராட்சிகள் நினைவிருக்கும். தனித்தொகுதி என்று ஆனதற்காகவே 1996-லிருந்து பத்து வருடம் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஒழுங்காகத் தேர்தல் நடக்க விடவில்லை. 2006-ல்தான் வழி பிறந்தது. நாற்காலி கிடைத்தால் போதும் என்று அப்போது நினைத்தேன்.

நாலாம்வீதி:
வைகைக்கரை, நீங்கள் அந்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். பேசாமல் குடித்ததும் பங்குதான். நான் வளர்ந்தது சமத்துவபுரத்தில். 100 வீடு, 40 பட்டியலினத்தாருக்கு, மீதி மற்றவர்களுக்கு. பக்கத்து வீட்டுக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான் என் கதை.
இனிமேல் இப்படி நடந்தால் விடாதீர்கள். அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தாயிற்று. 1955-லேயே தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்துவிட்டது (பிறகு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது), 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். தேதி, நேரம், கடை இருக்கும் இடம், கூட இருந்தவர்கள் என எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். கலெக்டருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நண்பர் தயங்கினால் கட்டாயப்படுத்தாதீர்கள், ஆனால் சாட்சி சொல்ல நீங்கள் தயார் என்று முதலில் சொல்லுங்கள்.

ஆற்றுமணல்:
நாலாம்வீதி சொல்வது சரிதான். ஆனால் புகார் கொடுத்த மறுநாளும் அந்த நண்பரின் அப்பா அதே ஊரில்தான் கூலிக்குப் போக வேண்டும். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதும் இதைத்தான்: அரசியலில் சமம், வாழ்க்கையில் சமமில்லை என்ற முரண்பாட்டோடு நாம் குடியரசுக்குள் நுழைகிறோம், சகோதரத்துவம் இல்லையென்றால் சுதந்திரமும் சமத்துவமும் மேல்பூச்சுதான். மேல்பூச்சு என்றதும் எனக்கு அந்தப் பேப்பர் கப்தான் கண்ணில் வந்தது. முன்பு வைத்திருந்த தனி கிளாஸை மறைத்துவிட்டார்கள், கணக்கை மாற்றவில்லை.

வைகைக்கரை:
நாலாம்வீதி, நீங்கள் திட்டியதை ஏற்றுக்கொள்கிறேன். இந்தப் பொங்கலுக்கு முதல்முறையாக அவன் வீட்டுக்குப் போனேன். இருபது வருட நட்பில் முதல்முறை. அவன் அம்மா டீ கொண்டுவந்து, என் கையில் தராமல் திண்ணையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். "கையிலேயே குடுங்கம்மா" என்றேன். அவர் மகனைப் பார்த்தார். அவன் தலையாட்டிய பிறகுதான் கிளாஸை எடுத்தார்.