பறையும் வீணையும் ஒரே மாலையில்: பூங்கா இசை நிகழ்ச்சியை எப்படி அமைப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னையில் உள்ள எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் சார்பில், மாநகராட்சிப் பூங்காவில் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஆறு மணி முதல் எட்டரை மணி வரை கட்டணமில்லா இசை நிகழ்ச்சி நடத்தி வருகிறோம். கர்நாடக இசை மட்டும், திரைப்பாடல் மட்டும் என்று ஒன்றில் நின்றுவிடாமல், நம்மைச் சுற்றி வாழும் எல்லா இசைக்கும் அந்த மேடையில் இடம் இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்தோம். முதல் மாதம் நாதஸ்வரம், அடுத்த மாதம் வில்லுப்பாட்டு, அதற்கடுத்து கானா என மூன்று நிகழ்ச்சிகளும் மனநிறைவாக நடந்தன.

நான்காம் மாதம்தான் சிக்கல் வந்தது. ஒரே மாலையில் இரண்டு இசைகளைக் கேட்க வைக்கலாம் என்று எண்ணி, முதலில் அரை மணி நேரம் பறையாட்டத்தையும், அதன் பின் வீணையுடன் கூடிய வாய்ப்பாட்டையும் வைத்தோம். பறை முழங்கியபோது பக்கத்துத் தெரு இளைஞர்கள் வட்டமிட்டு நின்று ரசித்தார்கள். பெரியவர்கள் பலர் நடைபாதையோரமே ஒதுங்கி நின்றார்கள். பறை முடிந்து, ஒலிவாங்கிகளை மாற்றி வைப்பதற்கு இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. அதற்குள் இளைஞர்கள் கலைந்துவிட்டார்கள். ஒதுங்கி நின்றவர்கள் வந்து நாற்காலிகளில் அமர்ந்தார்கள். ஒரே மாலையில் இரண்டு வேறு கூட்டங்களுக்கு நிகழ்ச்சி நடத்தியதைப் போல ஆகிவிட்டது. வீணையோ, வெளியே பேருந்துகள் எழுப்பிய இரைச்சலில் பாதி கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினால் ஒலிபெருக்கி ஊளையிட்டது.

மறுநாள் புகைப்படங்களைப் பார்த்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். பாட்டு நடந்துகொண்டிருந்த நேரத்தில் பறைக் கலைஞர்கள் எட்டுப் பேரும், கையில் தேநீர்க் குவளையுடன், மேடைக்குப் பின்னால் சுற்றுச்சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

நிகழ்ச்சிகளின் வரிசை, ஒலியமைப்பு, கலைஞர்களுக்கான ஊதியம் ஆகிய மூன்றையும் எப்படி அமைத்தால், வெவ்வேறு இசைகளை ஒரே கூட்டம் கடைசி வரை அமர்ந்து கேட்கும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1

நண்பருக்கு வணக்கம். ஒலியமைப்புத் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், ஒலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பறை, தவில், நாதஸ்வரம் ஆகிய மூன்றும் திறந்தவெளிக்காகவே உருவான கருவிகள். கோயில் வீதியிலும் ஊர்வலத்திலும் ஒலிபெருக்கி இல்லாமலேயே நெடுந்தொலைவு கேட்டவை அவை. இருநூறு பேர் கூடும் பூங்காவில் பறைக்கு ஒலிவாங்கியே தேவையில்லை. பாடுபவரும் பேசுபவரும் பயன்படுத்த ஒன்று இருந்தால் போதும். வீணையின் இயல்பு வேறு. அது அறைக்குள் சிலர் கூடிக் கேட்ட கருவி. அதன் எதிரே ஒலிவாங்கியை நிறுத்தி வைத்தால், வீணையோடு சேர்ந்து காற்றும் பேருந்தும் காக்கையும் உள்ளே வரும். ஒலியை ஏற்றினால் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும் ஓசையை அதே ஒலிவாங்கி மீண்டும் வாங்கி ஊளையாக்கும். வீணையின் பலகையில் ஒட்டிவைக்கும் கான்டாக்ட் மைக்கைப் பயன்படுத்துங்கள். பெட்டிகளை மேடைக்கு முன்னால், கேட்பவரை நோக்கித் திருப்பி வையுங்கள். கலைஞரின் முதுகுக்குப் பின்னால் ஒருபோதும் வைக்காதீர்கள்.

வில்லுப்பாட்டை மறுபடியும் வைப்பதாக இருந்தால், குடத்துக்கென்று தனி ஒலிவாங்கி கொடுங்கள். குடத்தின் வாயை மட்டையால் அடிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று எழுப்பும் அந்தக் கனத்த ஒலி, வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்கும் ஓசையில் எளிதாக மறைந்துவிடும்.

இருபத்தைந்து நிமிட இடைவெளிதான் உங்கள் கூட்டத்தைக் கலைத்தது என்பது என் துணிபு. இரண்டு குழுக்களுக்கும் தேவையான எல்லாக் கம்பிகளையும் மாலை நான்கு மணிக்கே இணைத்து, மிக்சரில் தனித்தனி வரிசைகளில் குறித்து, இரு குழுவினரையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லி அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. வீணையை முதலிலும் பறையை இறுதியிலும் வைப்பது காதுக்கும் ஏற்றது. பெரும் முழக்கத்தைக் கேட்ட காது, சுரத்தை அசைத்து வாசிக்கும் மெல்லிய கமகத்துக்கு இறங்கி வருவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்.

மறுமொழி 2

வணக்கம் ஐயா. நான் பறை இசைப்பவன். இளைஞர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். நீங்கள் அந்தப் புகைப்படத்தைப் பற்றி எழுதியதற்கு முதலில் நன்றி கூற வேண்டும். அந்தச் சுவரோரத்தில் நானும் பல முறை நின்றிருக்கிறேன்.

வரிசையில் யார் முன், யார் பின் என்பதைவிட, எதற்காக அழைக்கிறீர்கள் என்பதே எங்களுக்கு முதன்மையானது. பல நிகழ்ச்சிகளில் எங்களை வாசலில் நிற்க வைத்து, விருந்தினர் வரும்போது பத்து நிமிடம் அடிக்கச் சொல்லி, அவர்கள் மேடையேறியதும் போதும் என்று கைகாட்டிவிடுவார்கள். கூட்டம் சேர்க்கவும் வரவேற்கவும் பறை. உட்கார்ந்து கேட்பதற்கு வேறு இசை என்ற எண்ணம் அமைப்பாளர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உங்கள் நிகழ்ச்சியிலும் பாட்டுக்கு ஒன்றரை மணி நேரமும் பறைக்கு அரை மணி நேரமும் ஒதுக்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எங்களுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். ஒவ்வோர் அடியையும், அதாவது ஒவ்வொரு தாள வகையையும், தனியாக வாசித்துக் காட்டி, அது சாவுக்கு உரியதா, திருவிழாவுக்கு உரியதா, செய்தி அறிவிப்பதற்கு உரியதா என்று விளக்கி, பிறகு ஆட்டத்தோடு சேர்த்து வாசித்தால், கேட்பவர்கள் அமர்ந்து கேட்பார்கள். பள்ளி ஒன்றில் அப்படிச் செய்தபோது சிறு பிள்ளைகள்கூட அசையாமல் இருந்தார்கள்.

இன்னொரு யோசனையும் உண்டு. பறையின் சட்டம் வேப்பமரத்தால் ஆனது. அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல், மாலைக் காற்றின் ஈரத்தில் தளர்ந்துவிடும். வைக்கோலையோ காய்ந்த சருகையோ கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருப்போம். மந்தமாக இருந்த ஓசை சூடேற ஏற இறுகி, 'கணீர்' என்று தெறிக்கும் நொடியில் எடுத்துவிட வேண்டும்; சற்றுத் தாமதித்தாலும் தோல் கருகிவிடும். இது எங்கள் சுருதி சேர்ப்பு. இதைப் பெரும்பாலும் மறைவில், பந்தலுக்குப் பின்னால்தான் செய்யச் சொல்வார்கள். ஆனால் மிருதங்கக் கலைஞர் கல்லையும் கட்டையையும் வைத்து வாரின் ஓரத்தைத் தட்டிச் சுருதி சேர்ப்பதை அவையே அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை இரண்டையும் பார்வையாளர் முன்னிலையிலேயே, ஒரே நேரத்தில் செய்ய வையுங்கள். இரண்டு தோற்கருவிகளும் தம் குரலை எப்படிப் பெறுகின்றன என்பதைக் கண்ணால் கண்டவர் பிறகு எழுந்து போக மாட்டார்.

ஊதியத்தைக் குழுவுக்கு இவ்வளவு என்று பேசாமல், ஆளுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கச்சேரிக் குழுவில் மூவரோ நால்வரோ இருப்பார்கள். எங்களில் எட்டுப் பேர். இரு குழுவுக்கும் ஒரே தொகை கொடுத்துவிட்டுச் சமமாக நடத்தினோம் என்று அமைப்பாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பிரித்துப் பார்க்கும்போது எங்கள் பங்கு பாதியாகிவிடும். போக்குவரத்துச் செலவும் அப்படித்தான்.

மறுமொழி 3

இதே கேள்வியைச் சென்னை நகரம் ஏற்கெனவே எதிர்கொண்டிருப்பதால், அந்த அனுபவத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் சமூகச் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து 2015ஆம் ஆண்டு ஒரு கலை விழாவைத் தொடங்கினார்கள். சபா அரங்குகளில் நடக்கும் மார்கழிக் கச்சேரிகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்பவர்கள், அங்கே மீனவர்களின் படகுகளுக்கும் வலைகளுக்கும் நடுவே அமர்ந்து கேட்டார்கள். கர்நாடக இசையும் பரதநாட்டியமும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன. பிற்பாடு அது 'சென்னை கலைத் தெரு விழா' என்று பெயர் மாற்றம் பெற்று, வேறு பகுதிகளுக்கும் சென்றது.

அந்த விழாவைப் பற்றி அப்போதே கடுமையான விமர்சனமும் எழுந்தது. கர்நாடக இசையைக் குப்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக எண்ணுவதே மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை அல்லவா என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் மணலில் அமர்ந்து கேட்டவன் என்ற முறையில், அங்கே எனக்கு முதன்மையாகப் பட்டது வேறொன்று. அந்த இடத்துக்கு உரியவர்கள் குப்பத்து மக்கள், நாங்கள் விருந்தினர். எங்கே உட்காருவது, எப்போது எழுவது என்பதை வீட்டுக்காரர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். உங்கள் பூங்காவில் யார் வீட்டுக்காரர், யார் விருந்தினர் என்பதைச் சங்கத்தினர் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தெரு இளைஞர்கள் சங்கத்தின் நிகழ்ச்சிக் குழுவில் இருக்கிறார்களா? இல்லையென்றால், அவர்கள் பறைக்கு வந்து பறையோடு போனதில் வியப்பில்லை.

மற்றொரு முன்மாதிரியும் உண்டு. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', கானாவையும் ஒப்பாரியையும் பறையையும் வேறொரு நிகழ்ச்சியின் முன்னுரையாக வைக்காமல், அரங்கத்தின் முழு மாலையையும் அவற்றுக்கே கொடுத்தது. ஆகவே எல்லா மாதமும் கலந்தே நடத்த வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். மூன்று மாதம் தனித்தனியாகவும் ஒரு மாதம் சேர்த்தும் நடத்துங்கள்.

சேர்த்து நடத்தும் மாதத்தில், இரு தரப்பும் அறிந்த பாடல் ஒன்றைப் பாலமாக வையுங்கள். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைக் கச்சேரிப் பாடகரும் பாடுவார், காவடி எடுப்பவரும் பாடுவார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக எழுதிய கீர்த்தனைகளும் இதற்குப் பொருந்தும். மெட்டு ஒன்றாக இருக்க, குரலும் தாளக்கருவியும் மாறும்போது, வேறுபாட்டைக் கேட்பவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

மறுமொழி 4

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிபெருக்கி பயன்படுத்துவதற்கு உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையம் வழியாக எழுத்துவழி அனுமதி பெற வேண்டும்; பூங்காவுக்கு மாநகராட்சியின் அனுமதி தனி. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 10 டெசிபல் வரையே கூடலாம். அதாவது, பூங்காவின் வேலியருகே 65. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எட்டரை மணிக்கே முடித்துவிடுவதால், இரவு பத்து மணித் தடை உங்களுக்குச் சிக்கலாகாது.

பாடல்களைப் பொறுத்தவரை, கர்நாடக இசை மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் கீர்த்தனைகளுக்குக் காப்புரிமை இல்லை. பாரதியார் பாடல்கள் 1949ஆம் ஆண்டிலேயே நாட்டுடைமையாகிவிட்டன. திரைப்பாடல்களை ஊதியம் பெறும் கலைஞர்கள் பாடுவதாக இருந்தால், முன்கூட்டியே உரிமம் பெற்றுவிடுவது பாதுகாப்பானது.

கேள்வி கேட்டவரின் பதில்

மறுமொழி எழுதிய நால்வருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆம், பறைக்கு அரை மணி நேரமும் பாட்டுக்கு ஒன்றரை மணி நேரமும்தான் ஒதுக்கியிருந்தோம். ஊகம் சரியானதே.

நேற்று மாலை சங்கத்தில் இவை அனைத்தையும் வாசித்துக் காட்டினேன். நிகழ்ச்சிக் குழுவில் பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று பேரைச் சேர்ப்பது, ஊதியத்தை ஆள்கணக்கில் கொடுப்பது, இரு குழுவுக்கும் தலா ஒரு மணி நேரம் ஒதுக்குவது ஆகிய மூன்றும் முடிவாயின. தீ மூட்டுவதைப் பற்றித்தான் நீண்ட நேரம் விவாதம் நடந்தது. புல்தரை கருகிவிடும், குழந்தைகள் அருகே வந்துவிடுவார்கள் என்று சிலர் அஞ்சினார்கள். இறுதியில், பூங்காவின் நடுவில் உள்ள மணல்திட்டில் இரும்புச் சட்டி வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்டோம். மாநகராட்சிக்கு எழுதும் விண்ணப்பத்தில் அதையும் சேர்த்திருக்கிறோம். போன முறை வந்த அதே பறைக் குழுவைத் தொலைபேசியில் அழைத்து, நாற்காலி போடாததற்கு வருத்தம் தெரிவித்தேன். அவர்கள் மீண்டும் வருவதற்கு இசைந்திருக்கிறார்கள்; வீணைக் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் நான்கு மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பறைக் கலைஞருக்கு ஒரு கேள்வி: ஆறு மணிக்கு வாசிக்கத் தொடங்க வேண்டுமென்றால், எட்டுப் பறைகளையும் சூடேற்ற எவ்வளவு வைக்கோல் தேவைப்படும், எத்தனை மணிக்குத் தீ மூட்ட வேண்டும்?